பழைய வாட்ச் நின்றுபோனால்: கம்பெனி சென்டரா, தனிப் பட்டறையா, பாரிமுனை மேசையா?

வடசென்னையில் ராயபுரத்திலோ வண்ணாரப்பேட்டையிலோ இருப்பவரின் மெக்கானிக்கல் வாட்ச் (பேட்டரி இல்லாமல் ஸ்பிரிங்கில் ஓடுவது) நின்றுபோனால், அதைக் கொண்டுபோக மூன்று இடங்கள் உண்டு. ஒன்று, வாட்ச் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர். இன்னொன்று, மெக்கானிக்கல் வாட்ச் மட்டுமே பார்க்கும் தனிப் பட்டறை. மூன்றாவது, பாரிமுனை, மண்ணடிப் பக்கம் கண்ணில் லென்ஸ் மாட்டி உட்கார்ந்திருக்கும் மேசைக் கடைக்காரர். எங்கே செலவு குறைவு என்றுதான் பெரும்பாலும் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது வாட்சின் வயதை. சில வருஷம் முன்பு வாங்கிய ஒமேகாவுக்கு நல்லது செய்கிற அதே இடம், தாத்தா விட்டுப்போன ஃபேவர் லூபா மாதிரிப் பழைய வாட்சைக் கெடுத்துவிடலாம்.

சர்வீஸ் என்றால் என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் மூன்றையும் எடைபோடுவது சுலபம். இன்றைய ஸ்விஸ் ஆட்டோமேட்டிக் (கை அசைவிலேயே சாவி ஏறும் வாட்ச்) பலவற்றில், நேரத்தைக் காக்கும் பாலன்ஸ் வீல் என்ற சின்னச் சக்கரம் மணிக்கு 28,800 தடவை ஆடுகிறது. வருஷத்துக்கு 25 கோடிக்கும் மேல். எண்ணெய் காய்ந்த பிறகும் வாட்ச் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் உள்ளே அச்சுகள் தேயும். அதனால் மிஷினை முழுக்கப் பிரித்து, அல்ட்ராசானிக் கருவியில் கழுவி, ஒவ்வொரு இடத்துக்கும் உரிய எண்ணெய் இட்டுப் பூட்ட வேண்டும். வேகமாக ஆடும் பாலன்ஸ் அச்சுக்கு மெல்லிய எண்ணெய், மெதுவாகச் சுற்றும் பற்சக்கரங்களுக்குக் கெட்டியான எண்ணெய், சக்தியைச் சேர்த்துவைக்கும் மெயின் ஸ்பிரிங்குக்கு கிரீஸ். பிரிக்காமலே ஒரு சொட்டு விட்டுத் தருவதற்கு சர்வீஸ் என்று பெயர் இல்லை. அது உள்ளே இருக்கும் அழுக்கைக் குழைத்து, தேய்மானத்தை இன்னும் வேகப்படுத்தும்.

கம்பெனி சென்டரின் பலம் அசல் பாகம். ரோலெக்ஸ், ஸ்வாட்ச் குழுமம் போன்றவை தங்கள் பாகங்களை அங்கீகரித்த இடங்களுக்குத்தான் தருகின்றன. ரோலெக்ஸும் ஒமேகாவும் முழு சர்வீஸுக்கு 2 வருஷ உத்தரவாதமும் கொடுக்கின்றன. ஒமேகாவில் கோ-ஆக்ஸியல் மிஷின் என்றால் யோசிக்கவே வேண்டாம், அங்கேதான் போக வேண்டும். ஸ்பிரிங்கின் சக்தியை அளந்து விடும் பகுதிக்கு எஸ்கேப்மென்ட் என்று பெயர்; 1999-ல் அறிமுகமான கோ-ஆக்ஸியல் எஸ்கேப்மென்ட்டின் அமைப்பே வேறு, எண்ணெய் இடும் முறையும் வேறு.

பழைய வாட்ச் என்றால்தான் பயம். புதிதுபோல ஆக்கித் தருவது சென்டரின் வழக்கம். மங்கிய டயலையும் நிறம் மாறிய முட்களையும் மாற்றச் சொல்வார்கள், கேஸை பாலிஷ் போடுவார்கள். பாலிஷ் என்றால் உலோகத்தைச் சுரண்டி எடுப்பது. ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளின் கூர் ஒருமுறை மழுங்கினால் பழையபடி வராது. அப்பா கையில் முப்பது வருஷம் இருந்த வாட்சுக்கு அந்தப் பழுப்புதான் அடையாளம். பாலிஷ் வேண்டாம், டயலைத் தொட வேண்டாம் என்று எழுத்தில் கொடுங்கள். கழற்றிய பாகங்களைத் திருப்பித் தருவார்களா என்றும் கேளுங்கள். எல்லா இடத்திலும் தருவதில்லை.

அப்புறம் மேசைக் கடை. இதை மட்டமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ரயில்வே, துறைமுகம், மில் என்று வேலை பார்த்த குடும்பங்கள் நிறைந்த வடசென்னையில், அரசு நிறுவனமான எச்எம்டியின் ஜனதா வாட்ச் கிடக்கும் பீரோக்கள் ஏராளம். சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-ல் வாட்ச் தயாரிப்பில் இறங்கிய எச்எம்டியின் வாட்ச் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. கம்பெனி சென்டரை இனி நம்பியிருக்க முடியாது. அதன் பாகங்கள் பெரும்பாலும் பழைய கடைக்காரர்களின் இழுப்பறைகளில்தான் மிச்சம் இருக்கின்றன, அந்த மிஷினும் அவர்கள் விரலுக்குத்தான் பழக்கம். ஜனதாவுக்கு நான் அவர்களைத்தான் சொல்வேன், முழுசாகப் பிரித்துக் கழுவுகிறவராக இருந்தால்.

டயல் வேலையை மட்டும் அங்கே கொடுக்காதீர்கள். புது பெயின்ட் அடித்த டயல் பளபளக்கும், ஆனால் அசல் எழுத்து போய்விடும், சேகரிப்பவர்களிடம் மதிப்பும் போய்விடும். இருட்டில் ஒளிர்வதற்காக 1960-களுக்கு முந்தைய பல வாட்சுகளில் ரேடியம் பூசியிருப்பார்கள். பூச்சு ஒளிர்வதை நிறுத்தியிருந்தாலும் ரேடியம் அப்படியே இருக்கும். அதன் அரை ஆயுள் சுமார் 1,600 வருஷம். அதைச் சுரண்டினால் பறக்கும் தூள் மூச்சில் போவது ஆபத்து, முதலில் அந்தக் கடைக்காரருக்கே.

தனிப் பட்டறைக்கு வருவோம். ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட், பழைய ஒமேகா, பழைய ரோலெக்ஸ் எல்லாவற்றுக்கும் என் ஓட்டு இதற்குத்தான். பாகம் கிடைக்காதபோது பாகத்தை உருவாக்கும் திறமை இங்கேதான் இருக்கிறது. கீழே விழுந்து பாலன்ஸ் அச்சு உடைந்த வாட்சுக்கு, சின்ன லேத்தில் புது அச்சைக் கடைந்து பொருத்துவார்கள். அச்சைத் தாங்கும் கல் தேய்ந்திருந்தால் மாற்றுவார்கள், பாலன்ஸ் வீலோடு இருக்கும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங் கோணியிருந்தால் இடுக்கியால் நிமிர்த்துவார்கள். எதை மாற்றலாம், எதை விட்டுவைக்கலாம் என்று உங்களோடு உட்கார்ந்து பேசுவார்கள். எனக்கு அந்தப் பேச்சே பாதி சர்வீஸ்.

குறை இல்லாமல் இல்லை. புது மாடல்களுக்கு அசல் பாகம் இவர்களுக்குக் கிடைப்பது கஷ்டம். உள்ளே இருப்பது பல கம்பெனிகள் வாங்கிப் போடும் ஈடிஏ 2824 மாதிரியான பொது மிஷின் என்றால் கவலை இல்லை, அதற்கு மாற்றுப் பாகங்கள் கிடைக்கின்றன. கம்பெனியே தனக்காகச் செய்த மிஷின் என்றால் வேலையை ஒத்துக்கொள்வதற்கு முன்பே பாகம் எங்கிருந்து வரும் என்று கேட்டுவிடுங்கள். காத்திருக்கவும் வேண்டும், மாதக்கணக்கில் இழுப்பது சகஜம்.

பட்டறை நல்லதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சரியாக ஓடிய வாட்ச் திடீரென்று வேகமாக ஓடினால் பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். ஸ்பீக்கர், போன் கவரில் இருக்கும் காந்தம் போதும், ஹேர் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காந்தம் இறக்கச் சில நொடிதான் ஆகும். பிரித்தே ஆக வேண்டும் என்று எடுத்தவுடன் சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். டிக் ஒலியைக் கேட்டு வாட்சின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபரில் வைத்து, சர்வீஸுக்கு முன்னும் பின்னும் எண்களைக் காட்டுபவரிடம் கொடுங்கள். இன்றைய மிஷினில் பாலன்ஸ் வீல், முழுச் சாவியில், டயல் மேலே பார்க்கப் படுத்திருக்கும்போது, 270 டிகிரிக்கு மேல் ஆடினால் ஆரோக்கியம். பழைய எச்எம்டியில் 240 வந்தாலே எனக்குத் திருப்தி.

காசிமேடு, ராயபுரம், எண்ணூர்க் காற்றில் உப்பு இருக்கிறது, வியர்வை வேறு. துரு முதலில் பிடிப்பது சாவித் தண்டில்தான். தண்ணீரில் இறங்கும் வாட்ச் எதுவானாலும் ரப்பர் வளையங்களை மாற்றி பிரஷர் டெஸ்ட் செய்ய வேண்டும். அந்தக் கருவி கம்பெனி சென்டரில் இருக்கும், நல்ல பட்டறையிலும் இருக்கும். அது இல்லாத மேசைக் கடையில் பின்மூடியைத் திறந்த வாட்சைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், டயலில் 100 மீட்டர் என்று அச்சடித்திருந்தாலும் சரி.