கருப்பு ஓப்பல் என்று 4,200 ரிங்கிட்: பினாங்கில் ராசிக்கல் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

4,200 ரிங்கிட். தொகையை முதலிலேயே போட்டுவிடுகிறேன். இன்று காலை அந்தக் கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப்பில், "சின்னத் தொகைக்கு ஏன் அக்கா இவ்வளவு கோபம்?" என்று கேட்டிருக்கிறார். ஜொகூரில் வேலை செய்யும் தம்பியின் ஓவர்டைம் காசு, தங்கச்சிக்கு விழுந்த கூட்டு (சீட்டு) பணம், மீதி என் சம்பளத்தில் ஒதுக்கியது. இதுதான் அவருடைய சின்னத் தொகை.

கடைப் பெயரைப் போடவில்லை. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ராசிக்கல் விற்கும் கடை, அவ்வளவுதான் சொல்வேன். அந்த வட்டாரத்தில் நேர்மையாக வியாபாரம் செய்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பிழைப்பில் மண் விழக் கூடாது. ஓப்பல் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

அம்மாவுக்குத் துலாம் ராசி. சுக்கிரனுக்கு வைரம் போட வேண்டும் என்பார்கள். வைரத்துக்கு வழியில்லாதவர்கள் ஓப்பல் போடுவார்கள். ஓப்பல் நவரத்தினத்தில் சேராது, இருந்தாலும் இப்போது எந்த ராசிக்கல் கடைக்குப் போனாலும் ஒரு தட்டு நிறைய இருக்கிறது. கோவில் மடப்பள்ளியில் அம்மாவோடு வேலை செய்யும் ஓர் அக்கா கையில் பார்த்ததிலிருந்து அம்மாவுக்கும் ஆசை. அறுபதாவது பிறந்தநாளுக்கு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து வாங்கித் தருவது என்று முடிவு செய்தோம். தைப்பூசத்துக்கு முன்னால் நானும் அம்மாவும் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறிப் போனோம்.

அந்த ஆள் எங்களை நம்பவைத்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். உள்ளே போனதும் கல்லை எடுத்துக் காட்டவில்லை. "உட்காருங்க அக்கா, அம்மாவுக்கு ஒரு தே போடச் சொல்றேன். கல்லைப் பத்தி முதல்ல தெரிஞ்சுக்கங்க, அப்புறம் வாங்குறதும் வாங்காததும் உங்க இஷ்டம்" என்றார். அப்புறம் பாடமே நடத்தினார். ஓப்பல் வைரம், மாணிக்கம் போலப் படிகம் இல்லை. மணலில் இருக்கும் அதே சிலிக்காதான், கூடவே தண்ணீர். நல்ல ஓப்பலின் எடையில் பெரும்பாலும் 6 முதல் 10 சதவீதம் வரை தண்ணீர்தான். உள்ளே கண்ணுக்கே தெரியாத சிலிக்கா உருண்டைகள் வரிசை தப்பாமல் அடுக்கியிருந்தால், நுழைகிற வெளிச்சம் பிரிந்து நிறம் நிறமாக வெளியே வரும். உருண்டைகள் சிறியவை என்றால் நீலம், பெரிதாகப் பெரிதாகப் பச்சை, சிவப்பு. அதனால்தான் சிவப்பு அடிக்கிற கல்லுக்கு விலை அதிகம். அடுக்கு ஒழுங்கில்லை என்றால் நிறமும் இல்லை, அந்தக் கல்லுக்கு மதிப்பும் இல்லை. பிறகு நானே தேடிப் படித்தேன். 1964இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்ன விஷயம் இது. அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஊர் ஊராகவும் சொன்னார். ஆஸ்திரேலியாவில் கூபர் பீடியில் வெள்ளை ஓப்பல், லைட்னிங் ரிட்ஜில் கருப்பு ஓப்பல், குவீன்ஸ்லாந்தில் இரும்புப் பாறையோடு ஒட்டியே வெட்டி எடுக்கும் போல்டர் ஓப்பல். மெக்சிகோவில் ஆரஞ்சு நிற நெருப்பு ஓப்பல். எத்தியோப்பியாவின் வொல்லோ பகுதியில் 2008க்குப் பிறகு குவியல் குவியலாக எடுக்கிறார்களே, அது. இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒரு வெளிர் கல்லை அம்மா கையிலெடுத்தபோது தடுத்தார். "இது வேணாம்மா. எத்தியோப்பியாக் கல், தண்ணி குடிக்கும். உங்களுக்கு இதை விக்க எனக்கு மனசு வரல." வெளிர் கல்லைப் புகை போட்டுக் கருப்பாக்குவதையும், ஆஸ்திரேலியாவின் ஆண்டமூக்கா கல்லைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து அப்புறம் அமிலத்தில் போட்டுக் கருக்க வைப்பதையும் அவரே சொன்னார். ஊரில் எத்தனை விதமான பித்தலாட்டம் இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லிக் கொடுக்கிற ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? தான் செய்யப் போகும் பித்தலாட்டத்தை மட்டும் அந்த வரிசையில் விட்டுவிட்டார்.

கடைசியில்தான் உள்ளே போய் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வந்தார். கருப்புக் கல், வெள்ளி மோதிரத்தில் கட்டியது. விளக்குக்குக் கீழே திருப்பினால் பச்சை ஓடுகிறது, நடுவில் சிவப்பு விட்டு விட்டு எரிகிறது. அம்மா மூச்சு விடவில்லை. "லைட்னிங் ரிட்ஜ், ஒரே கல், முழுசா ஓப்பல்" என்றார். முழுசா என்ற சொல்லை இரண்டு பேரும் கேட்டோம். அம்மா இன்றும் சாட்சி சொல்வார்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. ராசிக்கல் மோதிரம் என்றால் கல்லின் அடி விரலில் படும்படி கீழே திறந்துதானே கட்டுவார்கள்? இதில் வெள்ளித் தகடு அடியை முழுக்க மூடியிருந்தது. கேட்டேன். சிரித்தார். "நல்ல கேள்வி அக்கா. ஓப்பல் மென்மையான கல்லு. கீழ திறந்துவிட்டா வேர்வையும் எண்ணெயும் ஏறிப் பளபளப்பு போயிடும். தண்ணி பட்டாப் பரவாயில்ல, கல்லுக்குள்ளயே தண்ணிதானே இருக்கு." ஓப்பல் மென்மையானது என்பதும் உண்மை. கடினத்தன்மை 5.5இலிருந்து 6.5க்குள்தான், படிகக்கல்லுக்கு 7. பொய்யை உண்மையில் சுருட்டிக் கொடுத்தால் தொண்டையில் சிக்காது போல.

கார்டு போட்டால் 4,500, வங்கி மாற்றம் என்றால் 4,200 என்றார். அங்கேயே உட்கார்ந்து போனில் அனுப்பினேன். கையில் ஒரு சர்டிபிகேட் அட்டை கொடுத்தார்: "இயற்கை ஓப்பல், 6.2 காரட்." ரசீதில் "ஓப்பல் மோதிரம் 1". வேறு ஒரு வார்த்தை கிடையாது.

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் கல்லின் ஓரத்தில் வெண்மையாக ஒரு படலம் தெரிந்தது. சோப்பு என்று நினைத்து அம்மா துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். போகவில்லை, ஓரத்திலிருந்து உள்ளே பரவியது. கடைக்குப் போன் செய்தேன். "தண்ணி குடிச்சிருக்கும் அக்கா, அரிசியில போட்டு வைங்க, காய்ஞ்சதும் தெளிஞ்சிடும்" என்றார். தண்ணீர் குடித்துக் காய்ந்ததும் பழையபடி ஆவது எத்தியோப்பியாக் கல்லின் குணம். எங்களுக்கு விற்றது லைட்னிங் ரிட்ஜ் என்று சொன்னது அவருக்கே மறந்துவிட்டது! அரிசியிலும் போட்டோம். அரிசிதான் வீண்.

எங்கள் பக்கத்தில் பழைய பத்தர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். பூதக்கண்ணாடியில் மேலிருந்து பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், பேசாமல் என் முகத்தைப் பார்த்தார். "அடித்தகட்டை எடுக்கட்டுமா பாப்பா?" என்றார். எடுத்துப் பக்கவாட்டில் காட்டினார். அடியில் கருப்புக் கண்ணாடி. அதன்மேல் காகிதம் மாதிரி ஒரு துண்டு ஓப்பல். அதற்கும் மேலே குமிழாக நிறமில்லாத படிகக்கல். மூன்றையும் பசை போட்டு ஒட்டியிருக்கிறது. கோடு போட்டது போல இரண்டு நேர்க்கோடுகள், எனக்கே தெரிந்தது. இதற்கு டிரிப்லெட் என்று பெயராம். மேல் மூடி இல்லாமல் இரண்டு அடுக்கு என்றால் டப்லெட். பாத்திரம் கழுவும் தண்ணீர் பசைக்குள் இறங்கியதால் வந்த வெண்மை அது, இனிமேல் போகாது. வெள்ளித் தகடு எதற்காக மூடியிருந்தது என்று இப்போது உங்களுக்கும் புரிந்திருக்கும்.

டிரிப்லெட் விற்பது குற்றமில்லை. டிரிப்லெட் என்று சொல்லி டிரிப்லெட் விலைக்கு ஆஸ்திரேலியாவிலேயே கடை போட்டு விற்கிறார்கள். மோதிரத்தோடு சேர்த்துச் சில நூறு ரிங்கிட்டுக்கு மேல் பெறாது என்றார் பத்தர். நாங்கள் கொடுத்தது 4,200. அட்டையில் இருக்கும் 6.2 காரட்டில் பெரும்பகுதி கண்ணாடியும் படிகக்கல்லும்தான். "இயற்கை ஓப்பல்" என்றதும் பொய்யில்லையாம், நடுவில் இருக்கும் அந்தச் சீவல் இயற்கைதானே! அட்டையை அடித்தது எந்தப் பரிசோதனைக்கூடம் என்று திருப்பிப் பார்த்தால் கடையின் முகவரியே இருக்கிறது.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் போனபோது கடையில் வேறொரு பையன். "முதலாளி ஜெய்ப்பூர் போயிருக்கார்." முதலாளியின் குரல் திரைக்குப் பின்னால் கேட்கிறது, இவன் ஜெய்ப்பூர் என்கிறான். அடுத்த முறை முதலாளியே வந்தார், மோதிரத்தைக் கையில்கூட வாங்கவில்லை. "வேற ஆள் கைவச்சுப் பிரிச்சாச்சு, இனி நான் பொறுப்பு இல்ல. பத்தர் கல்லை மாத்தியிருந்தா?" எழுபது வயது மனிதரைத் திருடன் என்கிறார். தம்பி மட்டும் அன்று கூட இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும், இல்லாததும் நல்லதுதான்.

மூன்றாவதாக ஒன்று சொன்னார் பாருங்கள், இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. என்னை விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பி, "அம்மா, கல்லு மங்கிடுச்சுன்னா உங்க கஷ்டத்தை அது இழுத்துக்கிச்சுன்னு அர்த்தம். வேலையைச் சரியா செஞ்சிருக்கு" என்றார். அம்மா நம்பிவிட்டார். அந்த மாதம்தான் அவருக்குச் சர்க்கரை அளவும் குறைந்திருந்தது. பேருந்தில் வரும்போது, "விடும்மா, போனது போகட்டும், நல்லதுதானே நடந்திருக்கு" என்கிறார். நான் அவரிடம் என்ன சொல்வது? 4,200 ரிங்கிட்டையும் எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு பக்தி விளக்கமும் கொடுத்து அனுப்புகிறவனிடம்தான் என் கோபம்.

போன வாரம் புதிதாக ஒரு சலுகை. இன்னும் 900 கொடுத்தால் "இதைவிட உசத்தியான" கல்லுக்கு மாற்றித் தருவாராம். வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினேன். நீல டிக் இரண்டும் விழுந்தன, பதில் இல்லை. இன்று காலை அந்தச் "சின்னத் தொகை" வந்தது.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்றேன். ஷிப்ட் பஸ் வர நேரமாகிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன்.

மோதிரத்தில் கட்டிய ஓப்பலை வாங்காதீர்கள். கல்லைத் தனியாகக் கேளுங்கள், பக்கவாட்டில் பாருங்கள், நேர்க்கோடு தெரிந்தால் ஒட்டுக் கல். அடி மூடிய மோதிரம் என்றால் அங்கேயே எழுந்துவிடுங்கள். மேலே கண்ணாடி போலத் தெளிவாக இருந்து நிறம் மட்டும் ஆழத்தில் தெரிந்தாலும் அதேதான். நிறத் திட்டுகள் பாம்புத் தோல் மாதிரி ஒரே சீராக இருந்தால் ஆய்வுக்கூடத்தில் செய்த ஓப்பலாக இருக்கலாம், 1970களிலிருந்து அதுவும் சந்தையில் இருக்கிறது. ரசீதில் "ஒரே கல், ஒட்டு இல்லை, சாயம் இல்லை" என்று எழுதி வாங்குங்கள், எழுத மாட்டேன் என்றால் வாங்காதீர்கள். கடையே அடித்த அட்டை சர்டிபிகேட் ஆகாது. டிரிப்லெட் ஏற்கெனவே கையில் இருந்தால் தண்ணீரில் ஊறவிடாதீர்கள்.

ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்கள். மனு போட 5 ரிங்கிட்தான், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். நான் படிவம் எடுத்துவிட்டேன். பத்தர் சாட்சி எழுதித் தருகிறேன் என்றிருக்கிறார். கடைப் பெயர் கேட்டு யாரும் இன்பாக்ஸுக்கு வராதீர்கள், விசாரணை முடிகிற வரைக்கும் சொல்ல மாட்டேன். அதே கடையில் வாங்கி ஓரம் வெளுத்த கல் வைத்திருப்பவர்கள் மட்டும் ரசீதோடு வாருங்கள்.