சப்பாத்தியா, சிறுதானியமா, பேலியோவா, அரைத்தட்டு காயா? புதிதாகச் சுகர் வந்தவருக்கு எது ஒத்துவரும்

மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் எச்பிஏ1சி 7.9 என்று ரிப்போர்ட் வந்த அன்று ராத்திரியே அம்மா எனக்குச் சோற்றை நிறுத்திவிட்டார். "இனிமே உனக்குச் சப்பாத்திதான்ப்பா" என்று நான்கு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் வைத்தார். அந்த வாரமே சித்தி வரகரிசி வாங்கி வந்தார். ஆபீஸ் நண்பர், சோறு, கோதுமை எல்லாம் விட்டு முட்டை, இறைச்சி, பாதாம் என்று சாப்பிடும் பேலியோவுக்கு வரச் சொன்னார். மைத்துனர், சத்துப் பவுடரை மட்டும் கலக்கிக் குடித்துச் சுகரைக் குறைத்த ஒருவரைப் பற்றிச் சொன்னார். எல்லோரும் அக்கறையோடு சொன்னதுதான். ஆனால் நான்கையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது, ஒன்றைத்தான் பிடிக்க முடியும்.

முதலில் சப்பாத்தி. சமையலறைத் தராசில் மாவை நிறுத்துப் பார்த்தேன். ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவு போகிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணைப்படி 100 கிராம் கோதுமை மாவில் மாவுச்சத்து 64 கிராம். அப்படியென்றால் நான்கு சப்பாத்தியில் ஏறக்குறைய 77 கிராம். நான் முன்பு சாப்பிட்ட சோறு 250 கிராம், அதில் இருந்தது 70 கிராம்போல. குருமாவில் கிடந்த உருளைக்கிழங்கு தனிக்கணக்கு. குளுக்கோமீட்டரும் இதையே சொன்னது. சோறு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 218, சப்பாத்தி சாப்பிட்ட அன்று 211. விரலைக் குத்தும் மீட்டரில் இந்த வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது.

கோதுமை மாவில் நார்ச்சத்து கூடுதல்தான், மறுக்கவில்லை. இரண்டு சப்பாத்தியோடு நிறுத்தி, தொட்டுக்கொள்ளப் பச்சைப்பயறோ கீரையோ வைத்தால் நல்ல இரவுச் சாப்பாடு. ஆனால் "சோற்றை விட்டாச்சு" என்ற நிம்மதியில் நான்கு, ஐந்து என்று போகும்போது அந்த நன்மை கரைந்துபோகிறது.

சிறுதானியத்துக்கும் இதே கணக்குதான், கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் தரலாம். அதே அட்டவணையில் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து 100 கிராமுக்கு 2.8 கிராம், கேழ்வரகில் 11, வரகில் 6-க்கு மேல். மாவுச்சத்து அரிசியில் 78, கேழ்வரகிலும் வரகிலும் 66, 67. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் இஷ்டத்துக்குச் சாப்பிடலாம் என்கிற அளவுக்கு இல்லை. அதிலும் கேழ்வரகை மாவாக்கிக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் மெல்லும் வேலைகூட இல்லாமல் வேகமாகச் செரித்துச் சுகரை ஏற்றிவிடும். சாமைச் சோறு ஒரு கிண்ணம், கூடவே நிறையக் காய் என்றால் சரி. "சிறுதானியம்தானே" என்று தட்டு நிறைய வெண்பொங்கல் என்றால் பலன் இல்லை.

அடுத்தது பேலியோ. இதைக் கிண்டல் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, ஏனென்றால் சுகர் உண்மையிலேயே வேகமாக இறங்கும். மாவுச்சத்து உள்ளே போகாவிட்டால் ஏறுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. நண்பர் காலையில் நூறு பாதாம், மதியம் முட்டை அல்லது கோழி, ராத்திரி பன்னீர் என்று இருந்து சில வாரத்திலேயே நல்ல மாற்றம் கண்டார். ஆராய்ச்சியும் ஓரளவு இதையே சொல்கிறது. மாவுச்சத்து குறைந்த உணவு பற்றிய 23 சோதனைகளைச் சேர்த்து அலசி 2021-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. ஆறு மாதத்தில் மற்ற உணவுமுறைகளைவிட இதில் அதிகம் பேருக்குச் சுகர், நோய் எல்லைக்குக் கீழே இறங்கியது. ஒரு வருடம் ஆகும்போது அந்த முன்னிலை பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. காரணம் நமக்குத் தெரிந்ததுதான்: கல்யாணம், கோயில் அன்னதானம், ஆடி மாசக் கூழ், வெளியூர்ப் பயணம். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு இன்னும் கஷ்டம். செலவும் கூடும், வீட்டில் இரண்டு சமையல் வேண்டும்.

ஆனால் பேலியோவில் நான் முதலில் பார்க்கச் சொல்வது மாத்திரைச் சீட்டை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று மாவுச்சத்தை நிறுத்தினால் சுகர் 70-க்கும் கீழே விழலாம்: வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், மயக்கம் வரும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவருக்கு வேறொரு ஆபத்து: ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிடலாம், அப்போது மீட்டரில் சுகர் பெரிதாக ஏறாமலேயேகூட இருக்கும். எனவே டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றி அமைக்காமல் பேலியோவில் இறங்கவே கூடாது. சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும் சிறுநீர் ஆல்புமினும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். கெட்ட கொலஸ்ட்ரால் சிலருக்கு ஏறும், அதையும் கண்காணிக்க வேண்டும்.

மைத்துனர் சொன்ன பவுடர் விஷயத்தை முதலில் நான் நம்பவில்லை. தேடிப் படித்தபோது நான்கிலும் வலுவான ஆதாரம் இதற்குத்தான் இருந்தது. பிரிட்டனில் ராய் டெய்லர், மைக் லீன் தலைமையில் நடந்த 'டைரக்ட்' (DiRECT) என்ற சோதனையின் முதல் முடிவு 2017-ல் வந்தது. சுகர் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்த, எடை அதிகமான, இன்சுலின் போடாத 306 பேர். அதில் பாதிப் பேருக்கு மாத்திரையை நிறுத்தி, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 850 கலோரி மட்டும் தரும் சத்துப்பானத்தை மூன்று முதல் ஐந்து மாதம் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே வந்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் இறக்கியவர்களில் 86 சதவீதம் பேருக்கு. இரண்டாம் வருடத்தில் 46 என்பது 36 ஆனது; எடை திரும்ப ஏறினால் சுகரும் திரும்பும். கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரைவதுதான் காரணம் என்பது டெய்லரின் விளக்கம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் கலந்துகொண்டவர்கள் ஏறக்குறைய எல்லோருமே வெள்ளையர்கள். நம்மில் பலருக்குக் கையும் காலும் ஒல்லியாக இருக்கும், தொப்பை மட்டும் இருக்கும். அவர்களுக்கு 15 கிலோ என்ற இலக்கு பொருந்தாது. ஒல்லியாக இருந்து, எடை தானாகவே இறங்கிக்கொண்டு போகிறவர் எந்த டயட்டும் தொடங்கக் கூடாது. அது வேறு வகைச் சர்க்கரை நோயாக இருக்கலாம், உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். 95 கிலோ எடையோடு போன வருடம்தான் சுகர் தெரிந்தது என்கிறவர், டாக்டரின் மேற்பார்வையில் இந்த வழியைக் கட்டாயம் யோசிக்கலாம். ஆரம்பத்தில் கிடைக்கிற வாய்ப்பு பத்து வருடம் கழித்து அதே அளவுக்குக் கிடைக்காது. கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு புரோட்டீன் டப்பாவை வாங்கிச் சொந்தமாகச் செய்கிற விஷயமும் இல்லை இது.

நான் பிடித்தது இந்த நான்கையும் அல்ல, ஐந்தாவதாக அரைத்தட்டு காயை. தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் வகையில் ஏதாவது, மீதிக் கால் பங்குதான் சோறு. சோறு 120 கிராம், ஒரு சின்னக் கிண்ணம். பொரியலையும் சுண்டலையும் முதலில் சாப்பிட்டு முடித்துவிட்டு, கடைசியில் சாம்பார் ஊற்றிச் சோறு. இந்த வரிசைக்கும் ஆதாரம் உண்டு. 2015-ல் நியூயார்க்கில் 11 பேரிடம் பார்த்த ஒரு சிறிய ஆய்வில், அதே சாப்பாட்டில் காயும் கோழியும் முதலில், ரொட்டி கடைசியில் என்று மாற்றியதும் ஒரு மணி நேரத்துச் சுகர் 37 சதவீதம் குறைவாக இருந்தது. எனக்கு 218 வந்த இடத்தில் 164 வந்தது. அதே பொன்னி அரிசிதான், அதே சாம்பார்தான்.

18,090 பேரின் உணவை வைத்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இந்தியாப்' (INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வுக் குழு 2022-ல் போட்ட கணக்கும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. புதிதாகச் சுகர் தெரிந்தவர், மொத்தக் கலோரியில் மாவுச்சத்தை 49-லிருந்து 54 சதவீதத்துக்குள் கொண்டுவந்து, புரதத்தை 19, 20-க்கு ஏற்றினால் நோயின் பிடி தளர வாய்ப்பு என்றார்கள். கணித மாதிரியில் வந்த எண் அது, நேரடிச் சோதனை இல்லை. ஆனாலும் சோற்றை முழுக்க விடச் சொல்லவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இந்த வழியில் சுகர் பேலியோ அளவுக்குச் சட்டென்று இறங்காது. முதல் பத்து நாள் ராத்திரி பசித்தது. மோரும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் வைத்துச் சமாளித்தேன். காய் நறுக்குகிற வேலை இரட்டிப்பானது, அதை நான் எடுத்துக்கொண்டேன். மூன்று மாதத்தில் எச்பிஏ1சி 6.7. மெட்ஃபார்மின் மாத்திரைக்கும் சாயங்கால நடைக்கும் அதில் பங்கு உண்டு.

அம்மாவும் இப்போது இதே தட்டில்தான் சாப்பிடுகிறார். எனக்கென்று தனிச் சமையல் கிடையாது. போன வாரம் டாக்டர் வீட்டில் வேறு யாருக்குச் சுகர் என்று கேட்டபோதுதான் உறைத்தது, அம்மாவுக்கு நாங்கள் இதுவரை பார்த்ததே இல்லை. வருகிற சனிக்கிழமை காலையில் அவரை வெறும் வயிற்றோடு லேபுக்குக் கூட்டிப் போகிறேன்.