நாட்டு நாற்று விற்க: குழித்தட்டா, மேட்டுப்பாத்தியா?

நாட்டுக் கத்தரி, மிளகாய் நாற்று வளர்த்து விற்க நினைப்பவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்: சிறு குழிகள் உள்ள தட்டில் வளர்ப்பதா, மண்ணை உயர்த்திக் கட்டிய பாத்தியில் வளர்ப்பதா?

செலவு: பாத்திக்கு மண்ணும் மட்கிய எருவும் போதும். தட்டுக்குத் தென்னை நார்க்கழிவு, நிழல்வலை எல்லாம் வேண்டும்.

விதை: பாத்தியில் தூவினால் கொஞ்சம் வீணாகும். 98 குழித் தட்டில் குழிக்கு ஒன்று. கைப்பிடி விதைக்கு ஊர் ஊராய் அலைந்தவர்களுக்கு இது பெரிய விஷயம்.

தாக்குப்பிடிப்பு: பாத்தி நாற்றைப் பிடுங்கும்போதே வேர் அறும், ஈரச்சாக்கில் சுற்றினாலும் வெயிலில் துவண்டுவிடும். தட்டு நாற்று வேர்க்கட்டியோடு வரும். சந்தையில் விற்காததை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுவாரமும் விற்கலாம். ஆனால் ஒருநாள் தண்ணீர் மறந்தால் தட்டு காய்ந்துவிடும்.

விவசாயிகளுக்குக் கட்டுக்கட்டாகக் கொடுக்கப் பாத்தி. மாடித்தோட்டக்காரர் நாலு நாற்று கேட்கும் நகரச் சந்தைக்குத் தட்டுதான். அப்புறம், வேலூர் முள்ளு கத்தரி மாதிரி பெயர்போன நாட்டு ரகம் என்றால், வாங்குபவர் கண்ணில் படும்படி பெயரை எழுதியே வையுங்கள்.