'கடலும் கிழவனும்': பட்டறை இழுப்பறையில் பல வருடமாக இருக்கும் புத்தகம்

எங்கள் லேத் பட்டறையில் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் வைக்கும் இழுப்பறையில் ஒரு மெலிந்த புத்தகமும் இருக்கிறது. எர்னெஸ்ட் ஹெமிங்வே எழுதி, தமிழில் 'கடலும் கிழவனும்' என்ற பெயரில் நாம் அறிந்த நாவல். அட்டையில் எண்ணெய்க் கை பட்ட கறை. முதுகு விட்டுப்போய் இரண்டு முறை டேப் ஒட்டியாயிற்று. படித்து முடித்த சூட்டில் எழுதும் மதிப்புரைகள் இதற்கு நிறைய இருக்கின்றன. வருடக்கணக்கில் கூடவே வைத்திருந்தால் இந்தப் புத்தகம் என்ன செய்கிறது, எங்கே சலிக்கிறது என்பதைச் சொல்லத்தான் இது.

படிக்காதவர்களுக்குக் கதை நாலு வரியில். கியூபாவின் ஹவானா பக்கத்தில் ஒரு மீனவர் ஊர். சாந்தியாகோ என்ற கிழவருக்கு 84 நாளாக ஒரு மீனும் கிடைக்கவில்லை. முதல் 40 நாள் கூட வந்த மனோலின் என்ற பையனை, இது ராசியில்லாத படகு என்று பெற்றோர் வேறு படகுக்கு மாற்றிவிட்டார்கள். 85ஆம் நாள் கிழவர் தனியாக வெகுதூரம் போகிறார். படகைவிட நீளமான மார்லின் மீன் ஒன்று தூண்டிலில் மாட்டுகிறது. அதோடு மல்லுக்கட்டிக் கொன்று, படகின் ஓரத்தில் கட்டி இழுத்து வரும் வழியில் சுறாக்கள் தின்றுவிடுகின்றன. கரைக்கு வருவது எலும்புக்கூடு. 1952 செப்டம்பரில் 'லைஃப்' பத்திரிகை ஒரே இதழில் முழுவதையும் போட்டது. இரண்டே நாளில் 50 லட்சம் பிரதி விற்றது. 1953இல் புலிட்சர், 1954இல் அதன் ஆசிரியருக்கு நோபல். நோபல் பதக்கத்தை ஹெமிங்வே கியூபாவின் எல் கோப்ரே மாதா கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். கதையில் கிழவர், மீன் சிக்கினால் அந்த மாதாவிடம் யாத்திரை வருகிறேன் என்று வேண்டிக்கொள்வார். போனாரா என்று நாவல் சொல்வதில்லை. அவர் கடனை எழுதியவர் தீர்த்தார் என்று எனக்கு ஓர் எண்ணம்.

இந்த நாவலை விடாமுயற்சிக்கான டானிக் பாட்டிலாகத்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். மனிதனை அழிக்கலாம், தோற்கடிக்க முடியாது என்ற வரி பயிற்சி வகுப்புச் சுவர்களிலும் காலை வணக்கப் படங்களிலும் தொங்குகிறது. அந்த நோக்கத்துக்கு வாங்கினால் முதல் தடவை நன்றாக வேலை செய்யும். மறுபடி மறுபடி படித்தால் அந்த வரி இருக்கும் இடம் கண்ணில் உறுத்தும். முதல் சுறாவைக் கொன்ற கையோடு கிழவர் அதைச் சொல்லிக்கொள்கிறார். அது ஏற்கெனவே 40 பவுண்டு கறியைத் தின்றுவிட்டது, எறியீட்டியும் அதோடு போய்விட்டது. அப்புறம் கத்தியைத் துடுப்பில் கட்டிக் குத்துகிறார், கத்தி உடைகிறது. தடியால் அடிக்கிறார், கடைசியில் சுக்கான் பிடியைக் கழற்றி அடிக்கிறார், அதுவும் உடைகிறது. அந்த இடத்தில், இனி பரிகாரமே இல்லாமல் தோற்றுவிட்டோம் என்று அவருக்குத் தெரிகிறது. நாவலே அப்படித்தான் சொல்கிறது. கரைக்கு வந்ததும் பையனிடம் அவர் வாய்விட்டுச் சொல்வதும் அதையே: என்னைத் தோற்கடித்துவிட்டார்கள், மனோலின். அந்த மீன் உங்களைத் தோற்கடிக்கவில்லையே என்கிறான் பையன். இல்லை, அதற்கப்புறம்தான் என்கிறார் கிழவர். சுவரில் அந்த வரியை ஒட்டியவர்கள் இந்தப் பக்கம் வரை வந்தார்களா என்று எனக்குச் சந்தேகம்.

என்னிடம் இந்தப் புத்தகம் இத்தனை வருடம் தங்கியதற்குக் காரணம் வேறு. கிழவர் தூண்டில் போடும் பக்கங்கள். 40 பாகம், 75 பாகம், 100, 125 என்று நான்கு ஆழத்தில் நான்கு தூண்டில் நரம்புகள் (ஒரு பாகம் என்பது ஆறடி). ஒவ்வொன்றும் தண்ணீருக்குள் நேர்க்குத்தாக இறங்க வேண்டும். மற்றவர்கள் நரம்பை நீரோட்டத்தில் மிதக்க விடுவார்கள். 100 பாகத்தில் இருப்பதாக அவர்கள் நினைக்கும் இரை 60இல் நிற்கும். இவர் மட்டும் அளவு பிசகாமல் பிடிக்கிறார். அதிர்ஷ்டம் நல்லதுதான், ஆனாலும் எனக்குத் துல்லியம் போதும், அதிர்ஷ்டம் வரும்போது தயாராக இருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறார். 84 நாள் வெறுங்கையோடு திரும்பியவர், 85ஆம் நாளும் இரையைக் கோணலாகக் கட்டாமல் இருக்கிறார். நாவலில் நான் நம்பும் விடாமுயற்சி இது. மூன்று நாள் சண்டை எல்லாம் இதற்குப் பிறகு வருவதுதான். ஆர்டர் இல்லாத மாதத்திலும் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டு வைப்பவனுக்கு இந்தப் பக்கங்களை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, பையன். பல வாசகர்கள் அவனைத் தொடக்கத்திலும் முடிவிலும் வந்துபோகும் ஆளாகவே வைத்திருக்கிறார்கள். எனக்கு வருடம் ஏற ஏற அவன்தான் பெரிதாகிக்கொண்டே போகிறான்.

அவன் இப்போது வேலை செய்யும் படகுக்காரர், தன் சாமான்களை யாரையும் தூக்க விடமாட்டார். பையன் அதைச் சொன்னதும், நாம் அப்படி இல்லை என்கிறார் கிழவர். உனக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே உன்னைத் தூக்க விட்டேனே என்கிறார். முழு நாவலிலும் தொழில் கற்றுக்கொடுப்பதைப் பற்றி இதைவிடப் பெரிய விஷயம் எதுவும் இல்லை என்பது என் கட்சி. எங்களிடம் வரும் பையன்கள் முதலில் கூட்டுவார்கள், இரும்புச் சுருள் அள்ளுவார்கள், டீ வாங்கி வருவார்கள். கடைய வேண்டிய ஜாப்பை லேத்தின் பிடியான சக்கில் கட்டிப் பார்க்க விடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். நான் பழகும்போதும் அப்படித்தான். இந்த இடத்தைப் படித்த பிறகு, வந்த வாரமே பையன் கையில் வெர்னியரைக் கொடுக்க ஆரம்பித்தேன். விழுந்தால் செலவுதான். விழவும் செய்தது. ஆனால் அளவெடுக்கும் சாமானை முதல் வாரமே கையில் வாங்கியவன் மெஷின் பக்கம் நிற்கும் விதமே வேறு.

அந்த ஐந்து வயது நினைவும் நாவலில் இருக்கிறது. படகையே உடைக்கப் பார்த்த மீனின் வால் அடி, தடிச் சத்தம், தன் மேலெல்லாம் ரத்த வாடை என்று பையன் அடுக்குகிறான். நிஜமாகவே ஞாபகம் இருக்கிறதா, நான் சொல்லிக் கேட்டதா என்று கிழவர் கேட்கிறார். நாம் முதன்முதலில் போனதிலிருந்து எல்லாமே ஞாபகம் இருக்கிறது என்கிறான். கற்றுக்கொடுத்த எவருக்கும் இந்தக் கேள்வி கேட்கத் தோன்றும், கேட்கக் கூச்சமாக இருக்கும்.

இதைவிட நுட்பமான இடம் ஒன்று. சாப்பிட என்ன இருக்கிறது என்று பையன் கேட்க, ஒரு சட்டி மஞ்சள் சோறும் மீனும் இருக்கிறது என்கிறார் கிழவர். வீச்சு வலையை எடுத்துக்கொள்ளட்டுமா என்று இவன் கேட்க, தாராளமாக என்கிறார். வலை கிடையாது, அதை விற்றது பையனுக்கு நினைவிருக்கிறது. சோறும் கிடையாது, அதுவும் தெரியும். ஆனால் தினமும் இந்தப் பேச்சு நடக்கிறது. பிறகு பையன் போய், கடைக்காரர் கொடுத்தனுப்பிய கறுப்பு பீன்ஸும் சோறும் வாழைப்பழ வறுவலும் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைக்கிறான். குருவின் வறுமையைச் சிஷ்யன் பார்த்துவிட்டான் என்பதை இரண்டு பேரும் காட்டிக்கொள்வதில்லை. மரியாதை என்று நாம் கையைக் கட்டி நிற்பதையெல்லாம் இதற்குப் பக்கத்தில் வைக்க முடியாது.

நீ என் பிள்ளையாக இருந்தால் கூட்டிக்கொண்டு போய்த் துணிந்து பார்த்திருப்பேன், ஆனால் நீ உன் அப்பா அம்மாவின் பிள்ளை, இருப்பதும் ராசியான படகு என்று பையனைத் திருப்பி அனுப்புகிறாரே, அதுவும் எனக்கு உதவியிருக்கிறது. ஒரு பையன் தொழில் பிடிபடும் நேரத்தில் அவன் அப்பா வந்து, பெரிய கம்பெனியில் கேன்டீன் உண்டு, பி.எஃப். உண்டுங்க என்பார். கோபம் வரும். இப்போது வாழ்த்தி அனுப்ப முடிகிறது. கோபம் குறைந்தது என்று சொல்லமாட்டேன்.

நாவலின் வேர் 1936இல் ஹெமிங்வே 'எஸ்குயர்' பத்திரிகையில் எழுதிய ஒரு கட்டுரையில் இருக்கிறது. தனியாகப் போன ஒரு கிழவரைப் பெரிய மார்லின் வெகுதூரம் இழுத்துப் போனது, சுறாக்கள் தின்றன, மற்ற மீனவர்கள் கண்டெடுத்தபோது மீதி இருந்த பாதிக்கும் குறைவான மீனே 800 பவுண்டு என்று அதில் வருகிறது. அந்தக் கிழவர் படகில் அழுதுகொண்டு, பாதிப் புத்தி பேதலித்துக் கிடந்தார். அந்தக் குறிப்பில் பையன் இல்லை. பதினைந்து வருடம் கழித்து எழுதிய நாவலில் பையன் வந்ததும் கிழவர் அழுவதில்லை. அவருடைய கிழிந்த கைகளைப் பார்த்துப் பையன் அழுகிறான். காபி வாங்கப் போகும் வழியெல்லாம் அழுகிறான். ஹெமிங்வே செய்த பெரிய மாற்றம் எது என்று என்னைக் கேட்டால், அந்த அழுகையை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் கொடுத்ததுதான்.

கடலில் இருக்கும்போதும் பையன் இல்லாமல் ஒரு பொழுதும் போவதில்லை. பையன் இருந்தால் நரம்புச் சுருளை நனைத்திருப்பான், பையன் இருந்திருக்கலாம் என்று கிழவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். நான் ஒரு விசித்திரமான கிழவன் என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன், இப்போது அதை நிரூபிக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொள்கிறார். ஆயிரம் தடவை நிரூபித்தது கணக்கில் சேராதாம். அவர் பிடி தளராததற்கு உடம்பு வலு மட்டும் காரணமில்லை. பார்த்துக் கற்றுக்கொண்ட ஒருவன் கரையில் இருக்கிறான்.

சரி, குறைகள். பேஸ்பால் பேச்சு நமக்கு ஒட்டாது. குதிகால் எலும்பு வலியோடு ஆடிய ஜோ டிமாஜியோவைக் கிழவர் ஏன் அத்தனை தடவை நினைக்கிறார் என்பது புரியும், ருசிக்காது. பாய்மரத்தைத் தோளில் சுமந்து மேடேறி விழுவது, உள்ளங்கையை மேலே விரித்துப் படுப்பது என்று ஏசுவின் சாயலை ஹெமிங்வே கொஞ்சம் அழுத்தியே பூசியிருக்கிறார். நடுவில் கை தசை பிடித்துக்கொள்ளும் பகுதி நீளம். பெண்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இறந்துபோன மனைவியின் படம்கூட, பார்த்தால் தனிமை தெரிகிறது என்று சட்டைக்கு அடியில் போய்விடுகிறது. 1958இல் ஸ்பென்சர் ட்ரேசி நடித்த படம் எனக்குச் சுமார். அலெக்சாந்தர் பெத்ரோவ் கண்ணாடியில் விரலால் தீட்டி எடுத்து, 2000இல் ஆஸ்கர் வாங்கிய சின்ன அனிமேஷன் படம் அதைவிட எத்தனையோ மேல்.

பட்டறைப் பையன்களிடம் இதைப் படி என்று நான் சொல்வதில்லை. ஒருவன் மட்டும் தானாக எடுத்துச் சாப்பாட்டு நேரத்தில் படித்துக்கொண்டிருந்தான். முடித்துவிட்டு, "ஏனுங்ணா, மூணு நாள் சம்பளம் போச்சு, மீனும் போச்சு. அவருக்கு என்னதானுங்க கிடைச்சுது?" என்றான். கதையில் கிழவரும் கணக்குப் பார்க்கிறார்: 1500 பவுண்டு, கழிவு போக மூன்றில் இரண்டு, பவுண்டு 30 சென்ட் என்று. மனசுக்குள் போட முடியாமல் பென்சில் வேண்டும் என்கிறார். இவன் போனில் தட்டி 300 டாலர் என்று சொன்னான். கடைசிப் பக்கங்களை இன்னொரு தடவை பாரு என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பக்கங்களில் பையன், இனி நாம் சேர்ந்தே போகலாம், நான் கற்றுக்கொள்ள இன்னும் நிறைய இருக்கிறது என்று முடிவாகச் சொல்கிறான். வீட்டில் என்ன சொல்வார்கள் என்று கிழவர் கேட்டால், கவலையில்லை என்கிறான். கிழவரின் பேச்சு உடனே சாமான்களுக்குத் தாவுகிறது. நல்ல குத்தீட்டி ஒன்று வேண்டும், பழைய ஃபோர்டு காரின் ஸ்பிரிங் பட்டையில் அலகு செய்யலாம், குவானபகோவா என்ற ஊரில் சாணை பிடித்துக்கொள்ளலாம், உடைகிற மாதிரிப் பதம் இருக்கக் கூடாது, என் கத்தி உடைந்துவிட்டது. ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடிப்பது நம் பட்டறைகளிலும் பழைய வழக்கம். பழுத்த இரும்பைத் தோய்த்துப் பதமேற்றும் துவைச்சல் கூடினால் வாய் நொறுங்கும், குறைந்தால் மழுங்கும். மூன்று நாள் செத்துப் பிழைத்த ஆள், எழுந்து உட்கார்ந்ததும் இரும்பின் பதத்தைப் பற்றிப் பேசுகிறார். பையன் அந்த இடத்தைப் படித்துவிட்டு வந்து, ஃபோர்டு பட்டை நம்ம லாரிப் பட்டையைவிட மெல்லிசாத்தானுங்களே இருக்கும், ஈட்டிக்குத் தாங்குமா என்று கேட்டான். அன்று சாயங்காலம் டீ ஆறும்வரை அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.