ஓவர்கோட் தைக்க எங்கே போவது: ராமநாதபுரமா, மதுரையா, ஜெர்மனியா?

ராமநாதபுரம் பக்கத்து உச்சிப்புளியில் உட்கார்ந்துகொண்டு கம்பளி ஓவர்கோட் தைப்பதைப் பற்றிப் பேசினால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். மார்கழி விடியற்காலையில் கடற்கரைக்குப் போகிறவர்கள்கூட தலையில் ஒரு துண்டைச் சுற்றிச் சமாளித்துவிடுகிற ஊர் இது. ஆனால் தம்பிக்கு ஜெர்மனியில், ஹாம்பர்க்கில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்து, அக்டோபரில் வகுப்பு என்று ஆனபிறகு, ஆடிக்காற்றில் மணல் பறந்த நாட்களெல்லாம் வீட்டில் இதே பேச்சுதான். நாலு வழி இருந்தது. ராமநாதபுரத்தில் கல்யாணக் கோட் தைக்கும் மாஸ்டர், மதுரையில் சூட் தைப்பதையே தொழிலாக வைத்திருக்கும் கடை, அளவை அனுப்பினால் தைத்து அனுப்பும் இணையக் கடை, இல்லாவிட்டால் பேசாமல் அங்கே போய் ரெடிமேட் வாங்கிக்கொள்வது.

எதை எடுப்பது என்பதற்கு முன்னால் எந்த ஊருக்குப் போகிறோம் என்று பார்க்க வேண்டும். எங்கள் மச்சான் ஒருவர் டொராண்டோவில் இருக்கிறார். பூஜ்யத்துக்குக் கீழே பத்து, பதினைந்து டிகிரி இறங்குகிற ஊர். அங்கே இறகு அடைத்த தடித்த ஜாக்கெட் இல்லாமல் ஆகாது. அதை இங்கே தைக்க நினைப்பதே வீண். ஹாம்பர்க் குளிர் வேறு மாதிரி. பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும், கூடவே ஈரக்காற்றும் தூறலும். இதற்குக் கம்பளி தோதானது. தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டாலும் கம்பளி தொட்டுப் பார்க்க நனைந்த மாதிரி இருக்காது. கொட்டும் மழைக்கு மட்டும் குடைதான்.

இணையக் கடையை ஒரே நாளில் கைவிட்டோம். தம்பியின் இடது தோள் வலதைவிட முக்கால் இஞ்ச் இறக்கம். பள்ளிக்கூட நாளில் காரை எலும்பு முறிந்ததில் வந்தது. நாமே டேப் பிடித்து இதை எப்படிச் சொல்வது? தைத்து வந்தது சரியில்லையென்றால் திருப்பி அனுப்பவும் வழியில்லை. நேரான தோளும் சராசரி உடம்பும் உள்ளவர்களுக்கு அது சரிப்படலாம்.

ரெடிமேட் கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டது என்றே சொல்வேன். தம்பி ஆறடிக்கு மேல், கை நீளம். நம் கடைகளில் அவனுக்குத் தோள் சரியாக இருந்தால் கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிடும். ஜெர்மனியில் அந்தக் கவலை இல்லை. ஆண்களுக்கான சாதாரண அளவு 48, 50, 52 என்று போகும். ஒல்லியாக உயர்ந்தவர்களுக்கு 94, 98, 102 என்று தனி வரிசை. குட்டையாகத் தடித்தவர்களுக்கு 24, 25, 26 என்று இன்னொன்று. 98 என்ற எண்ணைப் பார்த்து அது இஞ்ச் என்று நினைத்து அம்மா பதறிப்போனார். ஆக, உயரத்துக்காக மட்டும் யாரும் இங்கே மெனக்கெட்டுத் தைக்க வேண்டியதில்லை. எங்களை நிறுத்தியது அந்தத் தோள்தான். ரெடிமேட் கோட்டில் கையைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம். தோளைத் தொட வேண்டுமென்றால் கையைக் கழற்றி, காலரைக் கழற்றி, பாதிக் கோட்டைப் பிரித்தாக வேண்டும். அந்த ஊர்க் கூலிக்கு அது கட்டுப்படியாகாது.

மிச்சம் இரண்டு. இரண்டு இடத்திலும் முதலில் கிடைத்த பதில் ஒன்றுதான்: "துணி நீங்களே கொண்டு வந்துடுங்க."

நம் ஜவுளிக்கடைகளில் சூட்டிங் என்று கிடைப்பது பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 250, 300 கிராம் எடை. ஓவர்கோட்டுக்கு 500க்குக் குறையக் கூடாது. 600 இருந்தால் காற்றைத் தாங்கும். மெல்டன் என்று கேட்க வேண்டும். நெய்தபின் ஈரத்திலும் சூட்டிலும் அடித்து இறுக்கி, இழையே தெரியாமல் ஆக்கிய துணி அது. பக்கத்து வீட்டு அண்ணன் ராணுவத்தில் பஞ்சாபில் இருந்தார். விடுமுறைக்கு வரும்போது லூதியானாவிலிருந்து கருநீலத்தில் மூன்று மீட்டர் வாங்கி வந்தார். முழங்கால் வரை வரும் கோட்டுக்கு, 58 இஞ்ச் அகலத் துணி என்றால் அது போதும். ஓரத்தில் இரண்டு இழையைப் பிரித்துக் கொளுத்திப் பார்த்தோம். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடியானால் கம்பளி. உருகி மணி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர். பொடிதான் ஆனது.

இனி மதுரை. அவர்கள் வேலை சுத்தம், அதில் சந்தேகமே இல்லை. கோட்டின் முன்பக்கம் தொய்யாமல் நிற்க உள்ளே ஒரு துணி வைப்பார்கள். மலிவான வழி, பசை தடவிய துணியை அயர்ன் பண்ணி ஒட்டிவிடுவது. நல்ல வழி, குதிரை முடி கலந்து நெய்த கேன்வாஸை உள்ளே வைத்துக் கையால் தைப்பது. மதுரைக் கடையில் நெஞ்சுவரை கேன்வாஸ், அதற்குக் கீழே ஒட்டு என்றார்கள். துணியை வெட்டுவதற்கு முன் நீராவி காட்டிச் சுருங்க வைத்துக்கொள்வோம் என்று அவர்களாகவே சொன்னதும் எனக்குப் பிடித்திருந்தது. கூலி 11,000. இரண்டு ட்ரையல். ஆனால் பரமக்குடி, மானாமதுரை வழியாகப் பஸ்ஸில் போய் வர ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் போய்விடும். மூன்றாவது ட்ரையல் வைப்பீர்களா என்று கேட்டேன். "தேவைப்படாது சார்" என்றார்கள்.

அந்தப் பதில்தான் இடித்தது.

ராமநாதபுரத்து மாஸ்டர் கேட்ட கூலி 4,500. எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம், கடை சாயங்காலம் ஏழு மணிக்கு மேலும் திறந்திருக்கும். குறைகளையும் சொல்ல வேண்டும். கல்யாணக் கோட்டே தைத்துத் தைத்து அந்தக் கைக்கு 'பிட்' என்றால் உடம்போடு ஒட்டுவது என்றாகிவிட்டது. ஓவர்கோட்டுக்கு அது ஆகாது. உள்ளே ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு கோட் போட்டபிறகும் கையைத் தூக்க இடம் வேண்டும். அதனால் தம்பியை அந்தப் புழுக்கத்தில் ஸ்வெட்டரும் கோட்டும் போட்டு நிறுத்தித்தான் அளவே எடுக்கச் சொன்னோம். வேர்த்து ஊற்றியது அவனுக்கு. "இவ்வளவு லூஸா வெச்சா மாப்பிள்ளை களை வராதே தம்பி" என்று மாஸ்டர் இரண்டு முறை வருத்தப்பட்டார். "களை வேணாம் பாய், குளிர் தாங்கினா போதும்" என்றான் தம்பி.

ஒட்டுத் துணி பற்றி எனக்கு முன்னமே பயம் உண்டு. சித்தப்பா மகன் கல்யாணக் கோட், வேறொரு கடையில் தைத்தது, ஒரே ஒரு தடவை டிரைகிளீனிங் போய் வந்ததும் நெஞ்சுப் பக்கம் அப்பளம் மாதிரி கொப்பளித்துவிட்டது. பசை விட்டுப்போனால் அப்படித்தான். அதைச் சொன்னதும் பாய் சிரித்தார். உஸ்தாதிடம் தொழில் பழகிய காலத்தில் கேன்வாஸைக் கையால்தான் தைத்ததாகவும், இப்போது அந்தக் கூலியை யாரும் தருவதில்லை, அதனால் விட்டுவிட்டதாகவும் சொன்னார். கேன்வாஸை நாங்கள் மதுரையில் வாங்கித் தந்தோம், கூலியில் 2,000 கூட்டினோம். முடிவானது.

நாலு ட்ரையல் ஆனது. முதல் முறை வெள்ளை நூலில் நீளநீளமாக ஓட்டி, கையில்லாமல் போட்டுப் பார்த்ததிலேயே தோள் பிடிபட்டுவிட்டது. இடது பக்கம் மட்டும் பேட் கொஞ்சம் தடிப்பு. இரண்டாவதில் கையின் நீளம். உள்ளே போடும் கோட்டின் கையை மூடி, பெருவிரல் அடிவரை வர வேண்டும். மூன்றாவதில் பாக்கெட்டைப் பெரிதாக்கினோம், கையுறையோடு கை நுழைய வேண்டுமே. காஜா மெஷினில் அந்தத் தடிப்பு நுழையவில்லை, அதனால் எல்லாக் காஜாவும் கையால் எடுத்தது. பட்டனுக்கு உலோகம் வேண்டாம் என்று பாயே சொல்லிவிட்டார். ஊசியே வாரத்துக்கு ஒன்று துருப்பிடிக்கிற ஊரில் இருப்பவர், அவருக்குத் தெரியாதா?

இனி நேர்மையாக, மதுரையில் தைத்திருந்தால் எதெல்லாம் மேலாக இருந்திருக்கும்? காலர். பின்கழுத்தில் அரை விரல் அளவு எழும்பி நிற்கிறது. முன்மடிப்பு மெத்தென்று உருண்டு விழாமல் அட்டை மாதிரி படிந்திருக்கிறது. துணியைச் சுருங்கவைக்க நீராவிக்குப் பதில் ஈரத்துணி போட்டு அயர்ன் பண்ணினார். ஓரிடத்தில் ஈரம் போதாமல் லேசாகப் பளபளப்பு விழுந்தது, உற்றுப் பார்த்தால் தெரியும். சூட்டுக்கு மேல் போட்டு அலுவலகக் கூட்டங்களுக்குப் போகிறவராக இருந்தால் நான் மதுரைக்கே போகச் சொல்வேன். பஸ்ஸில் ஏறி இறங்கி வகுப்புக்குப் போகும் மாணவனுக்குத் தோளும் கையும் சரியாக இருந்தால் போதும், அது திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததில் கிடைத்தது.

செலவு துணி, கேன்வாஸ், லைனிங், கூலி எல்லாம் சேர்த்து 15,000க்குக் கொஞ்சம் கீழே. கோட் மட்டும் இரண்டு கிலோவுக்கு மேல் எடை. பெட்டியில் வைத்தால் விமானத்தில் அனுமதித்த 23 கிலோவில் பத்தில் ஒரு பங்கு போய்விடும் என்பதால் சென்னை விமான நிலையத்தில் கையில் தொங்கப்போட்டுக்கொண்டுதான் ஏறினான்.

போன மாதம் விடுமுறைக்கு வருவதாகச் சொன்னபோது, கோட்டைக் கொண்டுவரட்டுமா, காலரை பாயிடம் காட்டலாம் என்று கேட்டான். வேண்டாம் என்றேன். நம் வீட்டு பீரோவில் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து ஒரு வாரத்தில் பூஞ்சை வாடை ஏறிவிடும், பூச்சி வேறு. காலரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.