லண்டனில் டோர் சூப்பர்வைசர் கோர்ஸ்: காசு கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

இல்ஃபர்டில் ஒரு செல்போன் ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற பயிற்சி நிலையம் ஒன்றில் டோர் சூப்பர்வைசர் கோர்ஸ் முடித்தேன். பப், கிளப் வாசலில் நிற்கிற காவலாளி வேலைக்கான கோர்ஸ் இது, லைசென்ஸ் தருவது எஸ்ஐஏ என்கிற பிரிட்டன் அரசு அமைப்பு. பெயர் வேண்டாம், இதே மாதிரி மேல்மாடி நிலையங்கள் கிழக்கு லண்டன் முழுக்க இருக்கின்றன. நிலையத்துக்கு நான் போடும் மார்க் ஐந்துக்கு நான்கு. சொல்லிக்கொடுத்தவருக்கு ஐந்தும் கொடுப்பேன், குறைத்த ஒன்று பணம் வாங்கிய விதத்துக்கு.

முதலில் பணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃபேஸ்புக் விளம்பரத்தில் கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு விலை போட்டிருப்பார்கள், அதில் முதலுதவிப் பயிற்சி பெரும்பாலும் சேர்ந்திருக்காது. 2021-இல் விதி மாறியதிலிருந்து, செல்லுபடியாகும் முதலுதவிச் சான்றிதழ் கையில் இல்லாமல் இந்தக் கோர்ஸில் உட்கார முடியாது. அந்தச் சான்றிதழும் கோர்ஸ் தொடங்கும் நாளிலிருந்து இன்னும் 12 மாதமாவது மீதமிருக்க வேண்டும். ஆஃபீஸில் வேலை பார்த்தபோது எடுத்த பழைய சான்றிதழைக் கொண்டுவந்த ஒருவரை முதல் நாளே திருப்பி அனுப்பினார்கள், பாவம், அவர் லண்டனுக்கு வெளியே ஸ்லா என்கிற ஊரிலிருந்து விடிகாலை கிளம்பி வந்தவர். இதை புக்கிங் செய்யும்போதே கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்கவில்லை, காசு மட்டும் வாங்கிக்கொண்டார்கள். மறுதேர்வுக் கட்டணமும் தனி. ஆகவே போன் செய்யும்போது மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள்: முதலுதவி சேர்த்தா, தேர்வுக் கட்டணம் சேர்த்தா, ஒரு பேப்பர் போனால் திரும்ப எழுத எவ்வளவு. பதிலை மெசேஜிலும் அனுப்பச் சொல்லுங்கள்.

"செக்யூரிட்டி கார்ட் (சாதாரணக் காவலாளி) லைசென்ஸ் போதுமே, அது சீக்கிரம் முடியும், விலையும் குறைவு" என்று நம்மவர்கள் நிறையப் பேர் சொல்வார்கள். என் கருத்து, வேண்டாம். டோர் சூப்பர்வைசர் லைசென்ஸ் இருந்தால் கார்ட் வேலையும் பார்க்கலாம், பப், கிளப், கச்சேரி நடக்கிற இடம் எல்லாவற்றிலும் நிற்கலாம். கார்ட் லைசென்ஸை வைத்துக்கொண்டு மது பரிமாறுகிற இடத்து வாசலில் நிற்க முடியாது. இப்போது கொஞ்சம் மிச்சம் பிடித்துவிட்டு ஆறு மாதம் கழித்து மறுபடியும் கோர்ஸுக்குக் காசு கட்டுகிறவர்களைப் பார்க்கிறேன்.

அப்புறம் இந்த "மூன்று நாளில் முடித்துத் தருகிறோம்" கூட்டம். டோர் சூப்பர்வைசர் கோர்ஸ் குறைந்தது 52 மணி நேரம், குறைந்தது ஆறு நாள். அதில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் வீட்டில் படிக்கலாம், மற்றதெல்லாம் வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போங்கள், விடை நாங்கள் சொல்கிறோம் என்கிற இடத்துக்குத் தயவுசெய்து போகாதீர்கள். பயிற்சி நிலையங்களுக்கு எஸ்ஐஏ ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்கு வருகிறார்கள், மாட்டினால் போவது நிலையத்தின் பெயர் மட்டும் இல்லை, உங்கள் லைசென்ஸும்தான். நான் போன இடத்தில் பத்து நிமிடம் தாமதமாக வந்தவரைக்கூட மாலையில் உட்காரவைத்து ஈடுகட்டச் சொன்னார்கள். அன்று எல்லோரும் முணுமுணுத்தோம், ஆனால் எனக்கு அந்த இடத்தின் மேல் நம்பிக்கை வந்தது அதனால்தான். சேர்வதற்கு முன்னால் ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பரீட்சையும் வைப்பார்கள், பி2 நிலை, அதாவது தடுமாறாமல் பேசி எழுதுகிற அளவு ஆங்கிலம், வேண்டும். அதை வைக்காத இடமென்றால் சந்தேகப்படுங்கள்.

வகுப்புக்கு வருவோம். பயிற்சியாளர் பல வருடம் கிளப் வாசலில் நின்ற மனிதர், ஸ்லைடைப் பார்த்து வாசிக்கிற ரகம் இல்லை. 2017-இல் மான்செஸ்டர் அரீனா என்கிற கச்சேரி அரங்கில் குண்டு வெடித்து 22 பேர் இறந்ததைப் பற்றி அரை நாள் பேசினார். குண்டு வைத்திருந்தவனைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று அங்கே நின்ற இளம் செக்யூரிட்டி ஊழியருக்குத் தோன்றியிருக்கிறது, தப்பாகப் போனால் இனவெறியன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் அணுகவில்லை, பின்னால் விசாரணையில் அவரே சொன்னது இது. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் எங்களைப் போலப் பழுப்பு நிறம், தாடி வைத்தவர்களும் உண்டு, கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நிறத்தைப் பார்க்காதே, நடத்தையைப் பார், பார்த்ததை உடனே ரேடியோவில் சொல், ரேடியோ கிடைக்காவிட்டால் நடந்துபோய்ச் சொல் என்று அவர் விளக்கியது எந்தப் புத்தகத்தையும்விட மனதில் நின்றது.

ரேடியோ என்றதும் ஞாபகம் வருகிறது, ஏ, பி, சி எழுத்துகளை ரேடியோவில் சொல்கிற ஆல்ஃபா, பிராவோ, சார்லி வரிசையை வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். பயிற்சியில் எழுத்துச் சொல்லச் சொன்னால் நம் வாயில் "எம் ஃபார் மெட்ராஸ்" தான் வருகிறது.

தேர்வுகள் எல்லாம் கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற வகை. பொதுப் பாடத்தில் 72 கேள்வி, டோர் சூப்பர்வைசர் பாடத்தில் 50, தகராறைச் சமாளிக்கிற பாடத்தில் 20, மூன்றுக்கும் 70 சதவீதம் வேண்டும். உடல்பலப் பயன்பாட்டுப் பாடத்தில் 30 கேள்விதான், ஆனால் தேற 80 சதவீதம். நிறையப் பேர் தோற்பது அங்கேதான். தெரியாமல் இல்லை, ஊரில் நாம் என்ன செய்வோமோ அதை டிக் செய்கிறார்கள். பையைச் சோதிக்க வாடிக்கையாளர் மறுக்கிறார், என்ன செய்வீர்கள்? பிடுங்கிப் பார்க்க உங்களுக்கு உரிமை கிடையாது, சம்மதம் இல்லாமல் தொடவே கூடாது, உள்ளே விடமாட்டேன் என்று சொல்லலாம், அவ்வளவுதான் விடை. காவலாளிக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது என்பதை மண்டையில் ஏற்றிக்கொண்டால் பாதிக் கேள்வி தானாக விழுந்துவிடும். அதேபோல, பிடித்திருக்கிற ஆள் மூச்சு முட்டுகிறது என்று சொன்னால் நடிக்கிறானா என்று யோசிக்கிற விடை எப்போதும் தப்பு. பிடியை விட வேண்டும், குப்புறக் கிடந்தால் உடனே எழுப்பி உட்காரவைக்க வேண்டும், உதவி கூப்பிட வேண்டும்.

செய்முறையை வீடியோ எடுக்கிறார்கள், ஒவ்வொருவராகக் கேமரா முன்னால் நின்று பெயரைச் சொல்லிவிட்டுச் செய்து காட்ட வேண்டும். சட்டையைப் பிடித்தவனிடமிருந்து விடுபடுவது, இரண்டு பேர் இரண்டு பக்கமும் கையைக் கோத்து ஒருவரை வெளியே நடத்திப்போவது, இப்படி. சினிமா சண்டையை எதிர்பார்த்து வந்த பையன்களுக்கு ஏமாற்றம், அடிக்கச் சொல்லியே தரமாட்டார்கள். முழங்கால், தோள்பட்டையில் பழைய அடி இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். அறை சின்னதாக இருந்ததால் ஒருவர் முழங்கை இன்னொருவர் முகத்தில் படும் நிலை, அது இந்த நிலையத்தின் குறை. ஒரு பயிற்சியாளருக்கு 12 பேர்தான் அதிகபட்சம், அதையாவது ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

தேறிவிட்டால் லைசென்ஸ் வந்துவிடாது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 180 பவுண்டுக்கு மேல், நிராகரித்தாலும் திரும்ப வராது. கடந்த ஐந்து வருடத்தில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்திருந்தால் அந்த நாட்டுக் குற்றப்பதிவுச் சான்றிதழும் கேட்பார்கள். படிக்க வந்த நம் பிள்ளைகள் அநேகமாக எல்லோருக்கும் இது பொருந்தும். இந்தியா என்றால் பிசிசி, அதாவது போலீஸ் கிளியரன்ஸ் சர்டிஃபிகேட். அதைக் கோர்ஸில் சேருகிற வாரமே போட்டுவிடுங்கள், ஊர் ஸ்டேஷன் சரிபார்ப்பு எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், வங்கிக் கடிதத்தில் இனிஷியல் மாறின பெயர் என்றிருந்தால் அதையும் முன்பே சரிசெய்யுங்கள். தமிழ்ப் பெயர்களுக்கு இதுதான் தீராத தலைவலி.

நிலையத்தில் "வேலைக்கும் உதவி செய்வோம்" என்றார்கள். கிடைத்தது ஒரு வாட்ஸ்அப் குரூப். அதில் வருகிற வேலைகளில் பல, சுயதொழில் என்று பதிந்துகொண்டு வா என்று சொல்கிறவை. மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக் கூடாது, படிப்பு நடக்கிற காலத்தில் பட்டப்படிப்பு மாணவர்களுக்கு வாரம் 20 மணி நேரம்தான். ஆகவே அந்த மெசேஜ்களைத் தள்ளிவிட்டு, பேஸ்லிப் கொடுக்கிற கம்பெனிகளுக்கு நேராக விண்ணப்பியுங்கள். அவர்கள் ஐந்து வருட வேலை, படிப்பு விவரத்தை இடைவெளி இல்லாமல் கேட்பார்கள், காலேஜ் சான்றிதழ்களை ஊரிலிருந்து ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லி இப்போதே அப்பாவிடம் சொல்லிவையுங்கள்.