பக்கமா, தூரமா? ஓய்வுக்காலப் பயணத்தில் நான் எண்ணிப் பார்ப்பது

வேலையில் இருந்த காலத்தில் பயணம் என்றால் விடுப்புக் கணக்குதான். பத்து நாள் கிடைக்கும், அதற்குள் எத்தனை ஊர் முடியுமோ அத்தனையும் பார்த்துவிட வேண்டும். ஓய்வுபெற்ற பிறகு நாட்கள் நிறைய இருக்கின்றன. ஆனாலும் பலர் அதே அவசரத்தோடுதான் கிளம்புகிறோம். நானும் என் மனைவியும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் போனோம். இப்போதெல்லாம் ஒரு பயணத்தை யோசிக்கும்போது நான் முதலில் கணக்கிடுவது, எத்தனை முறை பெட்டியைக் கட்டி அவிழ்க்க வேண்டியிருக்கும் என்பதை. செலவும் தூரமும் அதற்கு அப்புறம்தான்.

பக்கத்தில் போவது

வீட்டிலிருந்து அரை நாளில் போய்ச் சேரக்கூடிய இடங்களைத்தான் பக்கம் என்கிறேன். காலையில் முழங்கால் வலித்தால் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடலாம். மருத்துவர் மாறமாட்டார், மாத்திரை நேரமும் மாறாது. கூட்டம் இல்லாத செவ்வாய், புதனில் போகலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போக முடிவது. ஒரு ஏரியைக் கோடையிலும் மழைக்குப் பிறகும் போய்ப் பார்த்தால், எந்தப் பறவை எந்த மாதம் வருகிறது, தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்பதெல்லாம் தானாகவே பிடிபட ஆரம்பிக்கும். ஒருநாள் வந்துபோகிறவருக்கு இது கிடைக்க வழியில்லை.

குறையும் உண்டு. வீடு கூடவே வரும். ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால் பாதியில் திரும்பிவிடுவோம். அதோடு, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று நினைக்கிற இடத்துக்கு வருடக்கணக்கில் போகாமலே இருந்துவிடுகிறோம். அதனால் பக்கத்துப் பயணத்துக்கும் தேதி குறித்து, தங்கும் அறைக்கு முன்பணம் கட்டிவிடுவது நல்லது.

தூரத்தில் போவது

வெளிநாட்டுப் பயணத்தின் பாரம் முதலில் உடம்பின் மீதுதான் விழுகிறது. பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பது போல இருக்கும். நுரையீரல், இதயச் சிக்கல் உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்க இது ஒன்றே போதுமான காரணம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. ஆகவே ஜன்னல் இருக்கையை விட்டுவிட்டு, எழுந்து நடக்க வசதியான ஓர இருக்கையைத்தான் கேட்பேன். நேர வித்தியாசத்துக்கு உடம்பு பழக, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாள் என்று தோராயமாகச் சொல்வார்கள். கிழக்கே போவது மேற்கே போவதைவிடக் கடினம். எட்டு மணி நேர வித்தியாசமுள்ள நாட்டுக்குப் பத்து நாள் போனால், உடம்பு பழகும்போது திரும்பும் நாள் வந்துவிடும்.

உயரத்தையும் பார்க்க வேண்டும். பெருவில் உள்ள பழைய இன்கா நகரமான மச்சு பிச்சு 2,430 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே போகிறவர்கள் முதலில் இறங்கும் குஸ்கோ நகரம் சுமார் 3,400 மீட்டர். பலருக்கு மூச்சு வாங்குவதும் தலைவலியும் அங்கேதான். குஸ்கோவில் தங்காமல், முதல் சில இரவுகளைத் தாழ்வான பள்ளத்தாக்கு ஊர்களில் கழிப்பது நல்லது.

கொசு பரப்பும் மஞ்சள் காய்ச்சலுக்கு (yellow fever; மஞ்சள் காமாலை அல்ல) தடுப்பூசி கேட்கும் நாடுகள் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உண்டு. 60 வயதைத் தாண்டி முதல் முறையாக அதைப் போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். டிக்கெட் எடுக்குமுன் பேச வேண்டிய விஷயம் இது.

காப்பீட்டில் பார்க்க வேண்டியது, ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பணம் தருவார்களா என்பது. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் மறைத்து வாங்கிய காப்பீடு, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது கைவிட்டுவிடலாம்.

இவ்வளவும் தாங்கி ஏன் போக வேண்டும்? அறுபது, எழுபது வயதில் எல்லாம் தெரிந்தவராகவே நம்மை நடத்துகிறார்கள். புரியாத எழுத்தில் பேருந்துப் பலகையைப் பார்த்து நிற்கும்போது மறுபடி மாணவனாகிறேன். பக்கத்துப் பயணம் எனக்கு இதைத் தருவதில்லை.

போன பிறகு எப்படி இருப்பது

என் பார்வையில் உண்மையான போட்டி இங்கேதான். குழுச் சுற்றுலா, கப்பல், ஒரே ஊரில் தங்குவது என்று மூன்று வழிகள்.

குழுவில் போனால் விசா, வண்டி, வழிகாட்டி எல்லாவற்றையும் வேறொருவர் பார்த்துக்கொள்வார். துணையை இழந்தவருக்கு அந்தக் கூட்டமே ஆறுதல் (தனி அறைக்குக் கூடுதல் கட்டணம் எவ்வளவு என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்). ஆனால் எட்டு நாளில் ஆறு விடுதி மாறிய எங்கள் முதல் குழுப் பயணத்தில், தினமும் விடிவதற்குள் பெட்டியை அறை வாசலில் வைக்கச் சொன்னார்கள். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். அங்கே பார்வைக்கு வைத்திருப்பவை 35,000க்கு மேல். எங்கேயாவது கொஞ்சம் உட்காரலாமா என்று என் மனைவி கேட்டபோது நேரமில்லை என்றார் வழிகாட்டி. அவர் மீது தவறில்லை, அந்தத் திட்டமே அப்படி.

கப்பலில் பெட்டியை ஒரே முறை அவிழ்த்தால் போதும். என் கணக்குப்படி இதற்குத்தான் முதல் மதிப்பெண் வர வேண்டும். நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு இதையே சொல்வேன். ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் சில மணி நேரம்தான், மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். சில துறைமுகங்களில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்காது. ஆடுகிற சிறு படகில் இறங்கித்தான் போக வேண்டும். வெனிஸ் நகருக்குள் உள்ள ஜூதெக்கா வாய்க்கால் வழியாகப் பெரிய கப்பல்கள் போக 2021 ஆகஸ்டிலிருந்து தடை இருக்கிறது. ஆற்றுக் கப்பல்கள் பல ஊர்களில் நடுவிலேயே நிறுத்தும், ஆனால் அவை ஆற்றை நம்பியிருக்கின்றன. ரைன் நதியில் 2018லும் 2022லும் தண்ணீர் வற்றியபோது பல பயணங்கள் பாதியில் பேருந்துக்கு மாறின.

மூன்றாவது வழிதான் என் மனம் சாயும் பக்கம். சமையலறை உள்ள ஒரு வீட்டை மூன்று, நான்கு வாரத்துக்கு எடுத்துக்கொள்வது. மாத வாடகைக்கு எடுத்தால் ஓர் இரவின் கணக்கு பெரும்பாலும் குறையும். மழை பெய்தால் வீட்டிலிருந்து படிக்கலாம். இரண்டாவது வாரத்தில் கடைக்காரர் முகம் பார்த்துச் சிரிப்பார், மூன்றாவது வாரம் நாமே ஒருவருக்கு வழி சொல்லியிருப்போம். நேர வித்தியாசம் பழகிய பிறகும் மீதி நாட்கள் கையில் இருக்கும். கஷ்டம் என்னவென்றால், குழாய் கெட்டாலும் காய்ச்சல் வந்தாலும் நாமேதான் சமாளிக்க வேண்டும். பக்கத்து ஆஸ்பத்திரி எது, அவசர எண் என்ன என்பதைப் போகுமுன்பே எழுதிவைத்துக்கொள்கிறேன். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் குறுகியகால வருகையாளர் தங்கக் கூடாது, அதனால் ஒரு மாதத்துக்கு இடம் தாராளம்.

சரி, எங்கள் முடிவு இது. வருடம் முழுக்கப் பக்கத்துப் பயணங்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தூரத்தில் ஒரே ஊர். உயரமும் ஏற்றமும் உள்ள இடங்களை முதலில் முடித்துவிட நினைக்கிறோம்.

அடுத்த வசந்தத்துக்கு ஸ்பெயினின் கிரனாடா. அங்கே குன்றின் மேல் உள்ள பழைய கோட்டையான அல்ஹம்ப்ராவில், நஸ்ரித் அரண்மனைகளுக்குள் நுழைவுச்சீட்டில் குறித்த நேரத்தில்தான் விடுவார்கள். ஒரே நாள் போகிறவர் அந்த நேரத்தைத் தவறவிட்டால் அதோடு போயிற்று, எங்களுக்கோ நான்கு வாரம் இருக்கிறது. எதிரே அல்பைசின் மேட்டில் கோட்டையைப் பார்த்தபடி அழகான வீடுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஆனால் அங்கே போவது கூழாங்கல் பதித்த செங்குத்துத் தெரு. கீழே சமதளத்தில், லிஃப்ட் உள்ள கட்டடத்தில் வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம்.